டல்லாஸில் தம்பி வாங்கிய பட்டம் சந்தாபுராவில் செல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 38. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பத்தாவது முடித்து அரசு பாலிடெக்னிக்கில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) டிப்ளமோ படித்தேன். பதினேழு வருடமாக பெங்களூரில் வேலை. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் போர்டு டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். புதிதாக வரும் பிஇ பிள்ளைகளுக்கு நான்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். லேப் லீட் பதவிக்கு உள்ளேயே விளம்பரம் வந்தது. விண்ணப்பப் பக்கத்தில் பட்டம் என்ற கட்டத்தில் டிப்ளமோ என்று போட்டால் அடுத்த பக்கமே திறக்கவில்லை. என் தம்பி டல்லாஸில் இருக்கிறான். வேலையில் இருந்துகொண்டே ‘திறன் அடிப்படையிலான’ ஆன்லைன் பட்டம் ஒன்றை ஒரே வருடத்தில் முடித்துவிட்டான். தெரிந்த பாடமென்றால் நேராகப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாமாம். “உனக்குத் தெரியாததா அக்கா, என் அட்ரஸைப் போட்டுச் சேர்ந்துவிடு” என்கிறான். இன்னொரு பக்கம், கோரமங்களாவில் ஒரு கன்சல்டன்சி, அனுபவத்தைக் கணக்கில் எடுத்து ஒரே வருடத்தில் பிடெக் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கணவர் படி என்கிறார். மாமியார், “நாற்பது வயசுல யாருக்குக் காட்ட?” என்கிறார். பெரிய மகள் ஒன்பதாவது, சின்னவன் நான்காவது. எதில் சேரலாம்?
- பெயர் வேண்டாம், சந்தாபுரா

பதில்: கன்சல்டன்சியை முதலில் பேசி முடித்துவிடுவோம், அதில் யோசிக்க எதுவும் இல்லை. இந்தியாவில் பொறியியல் பட்டத்தை ஆன்லைனில் கொடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை வழியில் கொடுத்த பிடெக் பட்டங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்குத் தேர்வு எழுதிக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் போனது போனதுதான். அப்படியிருக்க ஒரே வருடத்தில் பிடெக் என்றால் அது பின்தேதி போட்ட சான்றிதழ்தான். ‘ஒன் சிட்டிங்’ என்று ஊரில் சொல்வார்களே, அது.

நான் ஹெச்ஆரில் இருப்பவன். இது எப்படி மாட்டும் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழ், நீங்கள் 2018 முதல் 2022 வரை எங்கோ ஒரு கல்லூரியில் ரெகுலராகப் படித்ததாகச் சொல்லும். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் எண்ணைத் தட்டினால் அதே நான்கு வருடமும் பெங்களூரில் மாதாமாதம் பிஎஃப் விழுந்திருப்பது தெரியும். சரிபார்க்கும் ஏஜென்சிக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பல்கலைக்கழகத்துக்கு மெயில்கூடப் போட வேண்டாம். பதவி உயர்வு கிடக்கட்டும், பதினேழு வருட வேலையே அன்றைக்குப் போய்விடும். அந்த கன்சல்டன்சி நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

இனி தம்பி சொல்வது. இது ஏமாற்று வேலை அல்ல. நல்ல ஏற்பாடு, ஆனால் யாருக்கு நல்லது என்று பார்க்க வேண்டும்.

அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வகையில் அங்கே பெரிய பெயர் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி. 1997-ல் 19 அமெரிக்க மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கியது, தலைமையிடம் யூட்டா மாநிலம். அங்கே கட்டணம் பாடத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. ஐடி, பிசினஸ் படிப்புகளுக்கு ஒரு தவணை ஏறக்குறைய 4,000 டாலர் வரும். அந்த ஆறு மாதத்துக்குள் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு பாடம் முடித்தாலும் காசு அதேதான். பரீட்சை உள்ள பாடங்களுக்கு முன்னோட்டப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தேறினால் உண்மையான பரீட்சைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். வெப்கேம் வழியே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். சில பாடங்களில் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வேலையைச் செய்து அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அதைத் திருத்துபவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அல்ல, வேறு ஆள். மார்க், கிளாஸ் எதுவும் கிடையாது. தேறினீர்கள் அல்லது இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான்.

தம்பி ஒரு வருடத்தில் முடித்தது பொய்யாக இருக்காது. அங்கே ஐடியில் இருப்பவர், முன்பே தேறிய பாடங்களுக்கான புள்ளிகளை, அதாவது கிரெடிட்டைக் கொண்டுவந்து கழித்திருப்பார். நெட்வொர்க், செக்யூரிட்டி சான்றிதழ்கள் இருந்தால் அவையும் சில பாடங்களுக்கு ஈடாகும். மீதியை இரவுகளில் உட்கார்ந்து தள்ளியிருப்பார். சம்பளம், வீடு, பிள்ளைகள் என்று இருக்கும் ஒரு ஆளுக்கு, தெரிந்ததையே மறுபடி நான்கு வருடம் வகுப்பில் கேட்க வைக்காத படிப்பு பெரிய மரியாதைதான். நம் ஊர்க் கல்லூரிகள் அந்த மரியாதையை இன்னும் கொடுக்கப் பழகவில்லை என்பது என் பழைய வருத்தம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ‘தெரிந்ததை’ நிரூபித்தால் போதும் என்கிறார்கள் அல்லவா, எது தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர்களின் பாடத்திட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இருப்பவை ஐடி, பிசினஸ், ஆசிரியர் பயிற்சி, நர்சிங் போன்ற சுகாதாரப் படிப்புகள். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் கிடையாது. ஆசிலோஸ்கோப்பில் அலை லேசாக நடுங்குவதைப் பார்த்தே எந்த ஜாயின்ட்டில் டிரை சோல்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதைக் கேட்க அங்கே ஒரு பரீட்சையும் இல்லை. பிசினஸ் பட்டத்தில் ஆபரேஷன்ஸ், தரக் கட்டுப்பாடு வரும். கன்ட்ரோல் சார்ட், சிபிகே போன்ற தரக் கணக்கெல்லாம் உங்களுக்கு தினசரிச் சமையல், நாளைக்கே எழுதித் தேறிவிடுவீர்கள். ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங்கும் பிசினஸ் சட்டமும் அப்படியா? அங்கே நீங்கள் பதினெட்டு வயதுப் பெண்ணோடு ஒரே வரிசையில்தான் நிற்பீர்கள். நாற்பது பாடத்தில் நாலைந்து தவிர மற்றதெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டியவை. அப்போது ‘ஒரு வருடம்’ என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தவணைக் கட்டண முறையில் தாமதமானால் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் பில் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் எங்கே என்ற கேள்வியும் இந்த முறையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. வழிகாட்டி ஒருவர் அவ்வப்போது போனில் பேசுவார். பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க வேறு ஆள் உண்டு. மற்றபடி நீங்களும் புத்தகமும்தான். 2017-ல் அமெரிக்கக் கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு, இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் போதுமான தொடர்பே இல்லை, 71.3 கோடி டாலர் கல்வி உதவிப் பணத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்றே அறிக்கை கொடுத்தது. 2019-ல் கல்வித் துறை அதை ஏற்க மறுத்துவிட்டது, பல்கலைக்கழகம் தப்பித்தது. சட்டப்படி அது முடிந்த கதை. ஆனால் தானே படித்துப் பழகாத ஒருவருக்கு அந்தத் தனிமை எவ்வளவு கனமானது என்று அந்த அறிக்கை எழுதிக் காட்டுகிறது. கரஸில் (தபால் வழிப் படிப்பில்) சேர்ந்து மூன்று பேப்பர் அரியரோடு நிறுத்திவிட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள்.

அட்ரஸ் விஷயம். வேண்டவே வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. தம்பி வீட்டு முகவரியைப் போட்டுச் சேர்ந்தால், ஒவ்வொரு பரீட்சைக்கும் அடையாள அட்டையை கேமராவில் காட்டும்போது உங்கள் கையில் இருப்பது கர்நாடக முகவரி போட்ட ஆதாரும் இந்திய பாஸ்போர்ட்டும்தானே? எல்லாப் பாடமும் முடித்த பிறகு கண்டுபிடித்தால் கட்டிய பணமும் போகும், பட்டமும் போகும். அக்கா மேல் உள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார், சரி.

இந்தியர்களை இங்கிருந்தபடியே சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு ஆன்லைன் பட்டங்களும் உண்டு. அதில் சேர்ந்தாலும் உங்கள் சிக்கல் தீராது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கொடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025-ல் புது விதிமுறை கொண்டுவந்தது. அதில் நேரில் படித்த பட்டம்தான் கணக்கு, ஆன்லைன் பட்டம் வராது. இங்குள்ள எட்டெக் (ஆன்லைன் கல்வி) நிறுவனங்கள் அங்கீகாரமில்லாத கூட்டு வைத்துக் கொடுக்கும் வெளிநாட்டுப் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரிக்கையும் விட்டார்கள். நீங்கள் நாளைக்கே அமெரிக்கா போய்க் குடியேறப்போகிறீர்கள் என்றால் கதை வேறு, அங்கே தம்பி வாங்கிய பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது. சந்தாபுராவில் இருந்துகொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் லேப் லீட் ஆக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை.

நம் நாட்டில் இப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஹெச்ஏஎல், பிஇஎல், ஹெச்எம்டி போன்ற பெங்களூர் அரசு நிறுவனங்களில் டிப்ளமோவோடு சேர்ந்த பழைய ஆட்களிடம் ‘ஏஎம்ஐஇ’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் தேர்வு அது. வகுப்பு இல்லை, செக்ஷன் ஏ, செக்ஷன் பி என்று தேர்வு மட்டும். ஷிப்ட் முடிந்து வந்து படித்து, வருடக்கணக்காக எழுதி, பொறியியல் பட்டத்துக்குச் சமமான தகுதியோடு மேலே போனவர்கள் இந்த ஊரில் நிறைய. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் நம்மவர்கள் வீட்டில் ஒரு பெரியப்பாவாவது எழுதியிருப்பார். ஆனால் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சமநிலை. இப்போது யாராவது அதைப் பிடெக்குக்குச் சமம் என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள். புதிய ஏற்பாடாக 2023-ல் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வந்திருக்கிறது. வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் கொடுக்கலாம் என்று காகிதத்தில் இருக்கிறது. “என் பதினேழு வருடத்துக்கு எத்தனை கிரெடிட்?” என்று நீங்கள் ஒரு பல்கலைக்கழக கவுன்டரில் போய் நின்றால் பதில் சொல்லும் ஆள் கிடைப்பது அரிது. அதை நம்பி இன்று முடிவெடுக்க முடியாது.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? பட்டத்தைத் தேடும் முன் அந்தக் கட்டத்தைப் படியுங்கள். விண்ணப்பப் பக்கத்தில் எழுதியிருப்பது ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்றா, ‘பிஇ அல்லது பிடெக்’ என்றா? உங்கள் கடிதத்தில் இது இல்லை. எல்லாமே இதில்தான் தொங்குகிறது. பல பன்னாட்டு நிறுவனங்களில் தலைமையகத்து விதியில் ‘பட்டம் அல்லது அதற்கு ஈடான அனுபவம்’ என்று இருக்கும், இந்தியக் கிளையின் மென்பொருளில் யாரோ ஒருவர் பட்டத்தைக் கட்டாயம் என்று டிக் போட்டிருப்பார். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், அந்த டிக்கை யாரும் கேள்வி கேட்காதவரை அது அப்படியே கிடக்கும். உங்கள் மேனேஜர் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு விதிவிலக்குக் கேட்கலாம். நீங்கள் பயிற்சி கொடுத்த ஆட்களின் பெயர்கள், நீங்கள் எழுதிய டெஸ்ட் புரோசீஜர்கள், கஸ்டமர் ஆடிட்டில் நீங்கள் நின்று பதில் சொன்ன நாட்கள், இவற்றை ஒரு பக்கத்தில் அவருக்கு எழுதிக் கொடுங்கள். கிடைத்தால் இந்தப் பதவி இப்போதே. கிடைக்காவிட்டால் ‘எந்தப் பட்டம் இருந்தால் ஏற்பீர்கள், ஆன்லைன் பட்டம் செல்லுமா, கட்டணத்தில் பங்கு தருவீர்களா’ என்று அதே மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி வேண்டாம். பதில் சொன்ன ஹெச்ஆர் அடுத்த வருடம் வேறு கம்பெனியில் இருப்பார்.

‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்றால் வழி சுலபம். யுஜிசி அனுமதி பெற்ற ஆன்லைன் பிபிஏ அல்லது பிசிஏ, மூன்று வருடம். யுஜிசியின் 2020 விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டமும் ஒன்றுதான். இக்னோவும் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் தனியாரைவிடச் சல்லிசு. பத்தாவதுக்குப் பிந்தைய மூன்று வருட டிப்ளமோவைப் பன்னிரண்டாவதுக்குச் சமமாகப் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். இருந்தாலும் அந்தந்தப் படிப்பின் தகுதிப் பத்தியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குக் கொடுப்பது. மைசூர் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13-க்குப் பிறகு அனுமதி நீளவில்லை, 2018-ல்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் சேர்ந்தவர்கள் பட்ட பாடு பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்கு அதில் தாராளமாகச் சேரலாம். நான் சொல்ல வருவது, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்கள் சேரும் பருவத்தின் பட்டியலைப் பாருங்கள், போன வருடப் பட்டியலை நம்ப வேண்டாம்.

‘பிஇ’ என்றே கேட்டால் ஆன்லைன் வழி அடைபட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2023-24-லிருந்து வேலையில் இருப்பவர்களுக்கென்று மாலை, வார இறுதி நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிறது. டிப்ளமோ இருப்பதால் நேராக இரண்டாம் ஆண்டு. மூன்று வருடம் நேரில் போக வேண்டும், வேலைச் சான்று கேட்பார்கள், அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் இடையே தூர வரம்பும் உண்டு. மஞ்சள் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால் சில்க் போர்டு சிக்னலில் கிழவியாகாமல் ஊருக்குள் போய் வரலாம் என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் மகள் பத்தாவது போகும் வருடத்தில் வாரத்துக்கு நான்கைந்து மாலை வீட்டில் இருக்க மாட்டீர்கள். அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும், மாமியாரையும் வைத்துக்கொண்டு.

எனக்கு மனசுக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. ஐஐடி மெட்ராஸ் 2023-ல் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிஎஸ் பட்டம். நுழைவதற்கு ஜேஇஇ கிடையாது. நான்கு வாரம் பாடம் எடுத்து, தகுதித் தேர்வு வைத்து, தேறுபவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடம் ஆன்லைனில், பரீட்சை நேரில் மையத்தில், சில லேப் பாடங்களுக்குச் சென்னை வளாகத்துக்குப் போக வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் அந்தந்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு. உங்கள் கைக்குத் தெரிந்தது புத்தகத்தில் வருவது இந்தப் பட்டத்தில்தான். ஆனால் கணக்கு கடினம், மறந்துபோன கால்குலஸ் திரும்ப வரும், ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் வேண்டும். செலவு சில லட்சம். இது பிஎஸ், பிடெக் அல்ல. உங்கள் ஹெச்ஆர் ஏற்குமா என்ற அதே மெயில் இதற்கும் வேண்டும். டிப்ளமோக்காரர்களுக்கு என்ன நிபந்தனை என்று சேர்க்கைப் பக்கத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எதில் சேர்ந்தாலும் அதற்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அனலாக் சர்க்யூட்ஸ் மாதிரி ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தை எடுங்கள். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டி மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. ஐந்தாறு வாரத்தில் ஒரு கஸ்டமர் விசிட்டும் சின்னவனுக்குக் காய்ச்சலும் ஒன்றாக வரும். அந்த வார அசைன்மென்ட்டை எப்போது செய்தீர்கள், செய்தீர்களா என்று பாருங்கள். விடியற்காலை உங்கள் நேரமா, ராத்திரியா, வீட்டில் யார் எந்த வேலையைத் தூக்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தம்பி படித்த மாதிரிப் பட்டம் உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்பதும் தெரியும்.

வயதைப் பற்றி மாமியார் கேட்டதற்கு நேரான பதில்: 41-ல் பட்டம் வாங்கினாலும் ஓய்வுக்கு இன்னும் பதினேழு, பத்தொன்பது வருடம் இருக்கிறது. லேப் லீட் சம்பளத்துக்கும் இப்போதைய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தனை வருடத்தால் பெருக்கி அவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக, விண்ணப்பிக்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று. யுஜிசி அனுமதி பெற்ற ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளில் சேர இப்போது டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிவு செய்து வாங்கும் எண்) வேண்டும். அதற்கு முன் உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் ஐடி வேண்டும், அது ஆதாரிலிருந்து வருகிறது. நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் இடிக்கும். டிப்ளமோ சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர், பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். சேர்க்கை முடியும் வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்காதீர்கள். சான்றிதழில் உள்ளபடியே ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள், டிப்ளமோ சான்றிதழை மாற்றுவதைவிட அது எளிது. பிஎஃப் கணக்கிலும் அதே பெயர்தானா என்று கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.